பதினான்கு பெட்டிகளும் ஒரு கடைப் பொம்மையும்

வாணி, உன் ஆபீசில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை நீ கேட்டாய்: "அப்பா, நீங்க புராடக்ட் மேனேஜரா இருந்தப்ப என்னென்ன டூல்ஸ் வெச்சிருந்தீங்க? ஒரு லிஸ்ட் போட்டுக் குடுங்க, புதுசா வந்தவங்களுக்கு அனுப்பணும்." நானும் பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வேலைகளை அட்டை அட்டையாக நகர்த்தும் மென்பொருள், எதை முதலில் செய்வது என்று மார்க் போடும் தாள், எந்த இடத்தில் எத்தனை பேர் தொடுகிறார்கள் என்று சிவப்பும் நீலமுமாகக் காட்டும் படம் என்று நான்கு வரி எழுதினேன். பிறகு அடித்துவிட்டேன். அதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அந்தக் கருவிகளை வைத்துக்கொண்டு நான் செய்த ஒரு தப்பு உங்களுக்குத் தெரியாது. வாணி, உனக்கும் தெரியாது. அப்போது நீ காலேஜில் இருந்தாய்.

நான் பன்னிரண்டாம் வகுப்போடு நின்றவன். இருபது வருஷம் தி.நகரிலும் மயிலாப்பூரிலும் அடையாறிலும் தையல் கடை தையல் கடையாக ஏறி இறங்கி லைனிங் துணியும் கொக்கியும் நூலும் விற்றேன். டி.வி.எஸ்.-50 வண்டியின் முன்னால் ஒரு மூட்டை, பின்னால் ஒரு மூட்டை. அப்படி இருந்தவனை அடையாறில் ஒரு சின்ன கம்பெனி கூப்பிட்டது. ஜாக்கெட் துணியை வீட்டிலேயே வந்து வாங்கிக்கொண்டு போய், நல்ல டெய்லரிடம் தைக்கக் கொடுத்து, திரும்பக் கொண்டுவந்து தருகிற செயலி ஒன்றை அவர்கள் கட்டிக்கொண்டிருந்தார்கள். எந்த மாஸ்டர் எந்தச் சந்தில் இருக்கிறார் என்பது எனக்குத்தான் தெரியும். அதனால் சேர்த்துக்கொண்டார்கள். இரண்டு வருஷத்தில் புராடக்ட் மேனேஜர் என்று அட்டை அடித்துக் கழுத்தில் மாட்டிவிட்டார்கள்.

அந்த அட்டை என் கழுத்துக்குப் பொருந்தவே இல்லை. ஆபீசில் எல்லோரும் என்னைவிட இருபது வயது சின்னவர்கள். பேசுவதெல்லாம் இங்கிலீஷ். கூட்டத்தில் நான் வாயைத் திறந்தால் ஏதாவது கொச்சையாக வந்துவிடுமோ என்று பயம். அந்தப் பயத்தில்தான் நானும் மற்றவர்களைப் போல, நம் தொழிலுக்கென்று இணையத்தில் கிடைக்கிற மாதிரிப் படிவங்களையெல்லாம் இறக்கி வைத்துக்கொண்டேன். தையல் அளவுக்கு என்று ஒரு படிவம் கிடைத்தது. எங்கோ வெளிநாட்டில் செய்தது. பார்க்கவே அவ்வளவு அழகு. பதினான்கு பெட்டிகள். மார்பு, இடுப்பு, தோள், முன்கழுத்து, பின்கழுத்து, கை நீளம், கை சுற்றளவு என்று வரிசையாக. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு சிவப்பு நட்சத்திரம். பதினான்கையும் நிரப்பாமல் மாஸ்டர் 'வேலை தொடங்கு' என்ற பொத்தானைத் தொட முடியாது.

"பின்னாடி டேட்டா யூஸ் ஆகும்ணா" என்று எங்கள் முதலாளி தட்டிக்கொடுத்தார். முப்பது வயது கூட ஆகாத தம்பி. கெட்டவர் இல்லை. வேகமானவர்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லியாக வேண்டும். நம் ஊரில் ஜாக்கெட் எப்படித் தைக்கக் கொடுக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாதா? வாணி, உன் அம்மா எப்படிக் கொடுக்கிறாள்? புதுத் துணியோடு, நன்றாகப் பொருந்துகிற பழைய ஜாக்கெட் ஒன்றைப் பையில் போட்டுக் கொடுக்கிறாள். அளவு ஜாக்கெட். 'இதே அளவு, கை மட்டும் கொஞ்சம் லூசு' என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான். மாஸ்டர் அதைப் புதுத் துணியின் மேல் விரித்து, சாக்பீஸால் கோடு போட்டு வெட்டுவார். எங்கள் செயலியிலும் பெண்கள் அப்படித்தான் பையில் போட்டு அனுப்பினார்கள். இருபது வருஷம் கண்ணால் பார்த்ததை அந்தக் கூட்டத்தில் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. அந்த அழகான படிவத்துக்கு முன்னால் பழைய ஜாக்கெட் என்று சொன்னால் சிரிப்பார்களோ என்று தோன்றியது. தெரிந்ததைத் தெரியாத மாதிரி வைத்துக்கொண்டேன்.

படிவம் ஓடியது. ஒரு வருஷம் ஆயிற்று. எங்கள் திரையில் பெட்டிகள் நிரம்பும் கணக்கைக் காட்டும் கோடு பச்சையாக மேலே போய் உச்சியிலேயே நின்றது. கிட்டத்தட்ட எல்லா ஆர்டரிலும் பதினான்கும் நிரம்பியிருந்தன. முதலாளி அந்தப் படத்தைப் பெரிதாக அச்சடித்துச் சுவரில் ஒட்டினார். அதன் கீழே என் பெயர். நானும் ஒரு நாள் செல்போனில் படமெடுத்து உன் அம்மாவிடம் காட்டினேன்.

தீபாவளிக்கு இரண்டு மாதம் இருக்கும்போது முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அண்ணா, ஆதம்பாக்கத்துல ஒரு ஷெட் பாத்திருக்கேன். கட்டிங் மெஷின் வருது. நம்மகிட்டதான் இவ்ளோ பேரோட அளவு இருக்கே? இனிமே எல்லா கட்டிங்கும் அங்கேயே. வெட்டின பீஸ் மட்டும் கடைக்குப் போவும், அவங்க தெச்சுக் குடுத்தா போதும். பழைய ஜாக்கெட் வாங்கற வேலையே இல்ல."

"மாஸ்டருங்க ஒத்துக்கணுமே சார்."

"அதுக்குத்தானே நீங்க? திங்கக்கிழமை ஆரம்பிக்கணும். எல்லார்கிட்டயும் சைன் வாங்கிடுங்க."

ஒரு கட்டுத் தாளைக் கையில் கொடுத்தார். நல்ல கெட்டித் தாள். 'கத்தரிப்பு வேலை இனி நிறுவனத்தின் பொறுப்பு' என்று தமிழிலேயே அடித்திருந்தார்கள். வியாழக்கிழமை காலை அதைப் பையில் வைத்துக்கொண்டு முதலில் அன்சர் கடைக்குப் போனேன்.

அன்சர் கடை பாண்டி பஜாருக்குப் பின்னால் ஒரு மாடியில் இருக்கிறது. மாடிப்படிக்குக் கீழே மஞ்சள் ஜாக்கெட் போட்ட ஒரு பொம்மை நிற்கும். மேலே நான்கு மெஷின், ஒரு வெட்டு மேஜை. அன்சருக்கு அப்போது முப்பத்தைந்து வயது. அவன் அப்பா கடையில் இருந்த காலத்திலிருந்தே நான் கொக்கிப் பாக்கெட்டோடு வந்து போகிறவன். அதனால் என்னிடம் மரியாதையும் உண்டு, நக்கலும் உண்டு.

"இன்னா நைனா, கையில கட்டு கட்டா பேப்பர் கீது? பொண்ணுக்குக் கல்யாணமா?"

"இல்ல பாய். ஒரு கையெழுத்து வேணும்."

"கையெழுத்தா? என் மெஷின எழுதி வாங்கினு போப் போறியா?"

சொன்னேன். ஷெட், மெஷின், வெட்டின துணி வரும், தைத்துக் கொடுத்தால் போதும், எல்லாம் சொன்னேன். அவன் கையிலிருந்த கத்தரியை மேஜை மேல் வைத்தான்.

"அப்போ கத்திரி?"

"கத்திரி வேலை அங்க."

"என்னைய மாஸ்டர்னு இன்னாத்துக்குக் கூப்புடுறாங்க தெரியுமா? இது என் கையில கீறதால. அங்க குந்திக்கினு மிதிக்கிறானுங்களே நாலு பேரு, அவனுங்க டெய்லருங்க. கத்திரி போச்சின்னா நானும் அஞ்சாவது மெஷினு. தீபாவளிக்கு அப்புறம் இந்தக் கடைக்குப் போர்டு எதுக்கு?"

அவன் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"சரி, இன்னா அளவ வெச்சு வெட்டுவாங்களாம்?"

"நீங்க போட்ட அளவுதான். செயலியில வருஷம் பூரா போட்டீங்களே, பதினாலு பெட்டி."

அன்சர் தலையைத் திருப்பி, "டேய்! கேட்டீங்களாடா? நம்ம போட்ட அளவ வெச்சு வெட்டப் போறாங்களாம்!" என்றான். நான்கு மெஷினும் நின்றன. ஒருவன் சிரிப்பை அடக்க முடியாமல் துணியில் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

"இங்க வா நைனா."

வெட்டு மேஜைக்குப் பின்னால் சுவரில், தொங்கிக்கொண்டிருந்த துணியை அன்சர் விலக்கினான். சாக்பீஸால் மேலிருந்து கீழாகப் பதினான்கு எண்கள். கை பட்டுப் பட்டு அழிந்த இடங்களில் மறுபடி எழுதியிருந்தார்கள்.

"இதான். எல்லாத்துக்கும் இதான். அரை நிமிசத்துல அடிச்சிடுவோம்."

"யார் அளவு பாய் இது?"

"வர்சொல்ல பாக்கல? மாடிப்படியாண்ட மஞ்ச ஜாக்கெட்டு போட்டுக்கினு நிக்கிறாளே, அவ அளவு."

எனக்குக் காது சூடாகிவிட்டது. "இந்தக் கடையில மட்டுமா?"

"மைலாப்பூரு, மந்தவெளி, அடையாறு, எல்லாக் கடையிலயும்தான். வாட்சப்புல நான்தான் அனுப்பிச்சேன். பாவம், அவனுங்களும் எவ்ளோ நேரம் ரோசனை பண்ணுவானுங்க?"

"இப்படிப் பொய் போடலாமா பாய்?"

அப்போதுதான் அவன் முகத்திலிருந்த சிரிப்பு போயிற்று. "செவப்பு ஸ்டாரு போட்டது யாரு? நானா? அளவு ஜாக்கெட்டு கையில இருக்கசொல்ல டேப்பு எதுக்கு? நீ எங்க வாப்பா காலத்துலேர்ந்து வந்துக்கினு கீற. என்னிக்காவது ஒரு நாளு ஜாக்கெட்டுக்கு நாங்க பதினாலு அளவு எடுத்துப் பாத்துக்கிறியா? உனுக்குத் தெரியாது?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா போட்ட?"

பிள்ளைகளே, இந்தத் தொழிலில் என்னை எத்தனையோ பேர் எத்தனையோ கேள்வி கேட்டிருக்கிறார்கள். இந்த ஒன்றுக்கு மட்டும்தான் நான் தலை குனிந்தேன். கையெழுத்து வாங்காமல் இறங்கினேன். கீழே அந்தப் பொம்மை நின்றுகொண்டிருந்தது. சுவரில் ஒட்டி நாங்கள் பெருமைப்பட்டது இவளுடைய இடுப்பளவை.

பஸ்ஸில் திரும்பும்போது இரண்டு வழி தெரிந்தது. ஒன்று, பேசாமல் இருப்பது. திங்கட்கிழமை மெஷின் வெட்டும், தீபாவளிக்கு ஆயிரம் பெண்களுக்குப் பொம்மை ஜாக்கெட் போய்ச் சேரும், பழி மாஸ்டர்கள் மேல் விழும், நான் தப்பித்துக்கொள்வேன். இன்னொன்று, சொல்வது. சொன்னால் பொய் எழுதிய கடைகளை முதலில் நீக்குவார்கள். கம்பெனி விதி அப்படித்தான் இருந்தது. எப்படிப் போனாலும் அன்சர் கையிலிருந்து கத்தரி போகும். அடையாறு பாலம் தாண்டும்போது ஒன்று புரிந்தது. தகவலைச் சொல்கிற வரிசையில்தான் விஷயம் இருக்கிறது. யார் செய்த தப்பு என்பதை முதலில் சொல்ல வேண்டும். என்ன தப்பு என்பதை அப்புறம் சொல்ல வேண்டும்.

மறுநாள் காலைக் கூட்டம். முதலாளி, நான், செயலியில் சேருகிற எண்களையெல்லாம் அலசிப் பார்க்கிற பெண், இன்னும் மூன்று பேர். அந்தப் பெண்ணுக்கு மந்தைவெளியில் வீடு. என்னை அங்கிள் என்றுதான் கூப்பிடும்.

நான் எழுந்து நின்று சொன்னேன்: "சார், அந்தப் படிவம் என் தப்பு. இந்த ஊர்ல யாரும் அப்படி அளவு எடுக்கறது இல்ல. அது எனக்கு முதல் நாளே தெரியும். சொல்ல வெக்கப்பட்டேன். அதனால அந்த அளவு எல்லாம் பொய்."

ஒருவரும் நம்பவில்லை. சுவரில் பச்சைக் கோடு உச்சியில் நின்றுகொண்டிருந்தது.

நான் அந்தப் பெண் பக்கம் திரும்பினேன். "நீ நம்ம செயலியிலதானேம்மா போன வருஷம் நவராத்திரிக்கு ஜாக்கெட் தெச்சே? எப்படி இருந்துது?"

"சூப்பர் அங்கிள். எங்காத்துல அம்மாவே அசந்துட்டா."

"உன் கணக்கைத் திறந்து, உன் அளவை நீ மட்டும் பாரு. யாருக்கும் காட்ட வேணாம். அது உன் அளவா, இல்லையா? அதை மட்டும் சொல்லு."

அவள் தன் மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு பார்த்தாள். புருவம் சுருங்கியது. இன்னொரு தரம் பார்த்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"இது நான் இல்ல அங்கிள்! இது யாரு?"

"அன்சர் கடை வாசல்ல நிக்கிற பொம்மை."

அவள் சிரிப்பதை நிறுத்திவிட்டு மடமடவென்று தட்டினாள். ஐந்து நிமிஷத்தில் நிமிர்ந்து பார்த்து, "சார், எல்லாரும் இவதான்" என்றாள். மயிலாப்பூர் மாமிக்கும், காலேஜ் பெண்ணுக்கும், கல்யாணப் பெண்ணுக்கும் ஒரே உடம்பு. நிரம்பியிருக்கிறதா என்று வருஷம் முழுக்கப் பார்த்த நாங்கள், உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு நாளும் பார்க்கவில்லை.

முதலாளியின் முகம் சிவந்துவிட்டது. "சீட்டிங்! அண்ணா, பொய் டேட்டா போட்ட கடைங்க லிஸ்ட் குடுங்க. இன்னிக்கே எடுத்துடலாம். மத்தவங்க டேப் வெச்சு எடுக்கட்டும்."

"தர மாட்டேன் சார்."

நான் அந்த ஆபீசில் 'மாட்டேன்' என்று சொன்னது அதுதான் முதல் தரம். சொல்லிப் பார்த்தபோதுதான் அது எவ்வளவு சுலபம் என்று தெரிந்தது.

"வாட் டு யூ மீன்?"

"பதில் இல்லாத கேள்வியக் கேட்டு, பதில் சொல்லாட்டி கதவைத் திறக்க மாட்டேன்னு பூட்டு போட்டது நானு. அவங்க எப்படியோ திறந்துக்கினு வேலையப் பாத்தாங்க. வேலையில ஒரு குறை வந்துதா? இந்தப் பொண்ணக் கேளுங்க. பொய் போட்டவங்க லிஸ்ட்டு வேணும்னா முதல் பேரு என்னுது, எழுதிக்கோங்க. கையெழுத்து வாங்கவும் நான் போவ மாட்டேன்."

கொச்சையாகத்தான் வந்தது. எனக்கு அப்போது கூச்சமாக இல்லை.

"அப்போ நிஜ அளவு எடுத்தா மெஷின் சரியா வெட்டும்தானே?" என்றார் முதலாளி. அது நியாயமான கேள்விதான். அதை நான் ஒப்புக்கொண்டேன்.

"வெட்டிப் பாருங்க. இந்தப் பொண்ணுக்கே ரெண்டு ஜாக்கெட். ஒண்ணு, வீட்டுல அவங்க அம்மா டேப்ல எடுத்த அளவுக்கு உங்க ஷெட்டுல வெட்டட்டும். இன்னொண்ணு, பழைய ஜாக்கெட்டைப் பாத்து அன்சர் வெட்டட்டும். ரெண்டையும் ஒரே டெய்லர் தெக்கட்டும். போட்டுப் பாத்து அவ சொல்லட்டும். அது வரைக்கும் திங்கக்கிழமை வேணாம்."

அந்தப் பெண் உடனே, "எனக்கு ரெண்டு ஜாக்கெட் ஃப்ரீயா? நான் ரெடி" என்றாள். முதலாளி சிரிக்காமலே தலையாட்டினார்.

ஒரு வாரம் கழித்து அவள் ஷெட்டில் வெட்டிய ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு வந்தாள். பார்க்க நன்றாகவே இருந்தது. முதலாளி என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார்.

"கண்ணாடில பாத்தா பர்ஃபெக்ட் சார்" என்றாள் அவள். "ஆனா மந்தைவெளில ட்ரெயின் ஏறி மேல கம்பியப் பிடிக்கக் கையைத் தூக்கறேன், தூக்க வரல. அன்சர் வெட்டின ஜாக்கெட்டை நேத்தைக்குப் போட்டேன், போட்டிருக்கறதே தெரியல."

டேப் பிடிக்கும்போது எல்லோரும் பொம்மை மாதிரி விறைப்பாகத்தான் நிற்கிறோம். பழைய ஜாக்கெட் அவளோடு ஓராண்டு ரயிலில் போய் வந்திருந்தது. அவள் அம்மா அக்குளுக்குக் கீழே தையலைப் பிரித்து விட்ட இடம் அதில் இருந்தது. அன்சர் அதைப் பார்த்து வெட்டியிருந்தான். அதற்குப் பதினான்கு பெட்டியில் ஒரு பெட்டி கிடையாது.

ஷெட் நிற்கவில்லை. ஸ்கூல் யூனிஃபார்முக்கு அது போயிற்று. அங்கே அந்த மெஷின் நன்றாகவே வேலை செய்தது. ஜாக்கெட் கத்தரி மாஸ்டர்களிடமே இருந்தது. படிவத்தைத் தூக்கிவிட்டு இரண்டே இரண்டு வைத்தோம். அளவு ஜாக்கெட்டின் ஒரு படம், 'கை கொஞ்சம் லூசு' என்று துணி கொடுக்கிற பெண் வாயால் சொல்வதைப் பதிய ஒரு பொத்தான். பச்சைக் கோட்டுப் படத்தைச் சுவரிலிருந்து கிழித்தார்கள். அதோடு என் பெயரும் போயிற்று. மூன்று மாதம் கழித்து எனக்கு மேலே வேறொருவரை உட்காரவைத்தார்கள். கூட்டத்தில் எதிர்த்துப் பேசுகிறவன் என்ற பெயர் ரிட்டயர் ஆகும்வரை என்னை விடவில்லை. இருக்கட்டும். மறுபடி அந்த வெள்ளிக்கிழமை வந்தாலும் அதே 'மாட்டேன்'தான். இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல்வேன், அவ்வளவுதான்.

முடிவு தெரிந்த அன்று அந்தக் கட்டுத் தாளோடு மறுபடி அன்சர் கடைக்குப் போனேன்.

"இன்னா நைனா, மறுபடியும் கையெழுத்தா?"

"வேணாம் பாய். கத்திரி உங்ககிட்டதான்."

அவன் தாளை வாங்கி விரலால் நீவிப் பார்த்தான். "பேப்பரு நல்லா கெட்டியா கீது. கை பேட்டனுக்கு ஆவும்" என்றான். பத்துத் தாளை ஒன்றாக அடுக்கி, மேலே சாக்பீஸால் ஜாக்கெட் கையின் வளைவைப் போட்டு, 'கத்தரிப்பு வேலை இனி நிறுவனத்தின்' என்ற வரியின் நடுவே கத்தரியை ஓட்டினான். ஒரே இழுப்பு. பிறகு, "டேய், நைனாவுக்கு டீ சொல்லு" என்றான்.

வாணி, போன ஞாயிற்றுக்கிழமை நீ லிஸ்ட் கேட்டதற்கு முன்னால் உன் போனில் ஒரு படம் காட்டினாய். உன் செயலியில் எல்லாப் பெட்டியும் நிரம்புகிறது என்று. பச்சையாக, அழகாக இருந்தது. நான் நன்றாக இருக்கிறது என்று சொன்னேன். அன்றைக்கே கேட்டிருக்க வேண்டியதை இப்போது கேட்கிறேன். அது யாருடைய அளவு? அந்தப் பெட்டிகளை நிரப்புகிறவர்களின் கடைக்கு நீ கடைசியாக எப்போது போனாய்? நாளைக்குப் போ. உன் புதுப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போ. அவர்கள் மேஜைக்குப் பின்னால் இருக்கிற சுவரைப் பார்த்துவிட்டு வா. வந்து உன் முதலாளியிடம் என்ன சொல்லப்போகிறாய் என்று என்னிடம் ஒரு தரம் சொல்லிப் பார். கொச்சையாக வந்தாலும் பரவாயில்லை.